லேண்ட் ரோவர் 109: சூடானதும் கியர் கறகறக்கிறது, கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கிராஞ்சி109 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1968ஆம் ஆண்டில் தயாரான லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ இருக்கிறது. 109 அங்குல வீல்பேஸ், 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், வலப்பக்க ஸ்டீயரிங், கித்தான் கூரை போட்ட இராணுவ வண்டி. சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிவாகியிருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்கள்தான் சாலையில் ஓட்ட முடியும். மற்ற நாள்களில் கூரை மட்டும் உள்ள ஒரு கொட்டகையில் நிற்கிறது.

கோளாறு இதுதான். காலையில் எடுக்கும்போது கியர் ஓரளவு ஒழுங்காக விழுகிறது. அரைமணி நேரம் ஓட்டி, சிவப்பு விளக்குகளில் நின்று நின்று போன பிறகு, வண்டி நிற்கும் நிலையில் முதல் கியர் போட்டால் கறகறக்கிறது; ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்க வைக்கும் சத்தம் வருகிறது. கிளட்ச் பெடலை இரண்டு முறை வேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் சத்தம் குறைகிறது, ஆனால் முற்றிலும் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது, நான்காவது கியர்கள் எந்தத் தகராறும் செய்வதில்லை. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோதும் இன்ஜின் தனியாக அலறவில்லை, இழுவை நன்றாகவே இருந்தது.

முந்தைய உரிமையாளர், கிளட்ச் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், அதிலிருந்து வரும் திரவத்தால் இயங்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் புதிதாக மாற்றியதாகச் சொல்லித்தான் விற்றார். இப்போது ஒரு பணிமனையில் காட்டினேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று கிளட்ச்சின் உள்பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, சில ஆயிரம் வெள்ளிக்கு மதிப்பீடு கொடுத்தார்கள். அடியில் படுத்து ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன்பு, கோளாறு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று நானே கண்டறிய வழி உண்டா? கைக்கருவிகளும் வெர்னியர் அளவியும் இருக்கின்றன. உதவிக்குப் பெடல் மிதிக்க என் மகன் வருவான்.


பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் தம்பி. இராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த மதிப்பீட்டை ஓரமாக வையுங்கள். இந்த வண்டியில் கியர்பாக்ஸைக் கழற்றுவது என்றால் அடியில் நான்கு போல்ட்டைத் தளர்த்தி இறக்கிவிடும் காரியம் இல்லை. இருக்கைகள், தரைப்பலகைகள், இருக்கைப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து ஓட்டுநர் அறையைக் காலி செய்த பிறகுதான் கியர்பாக்ஸும், அதன் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் சேர்ந்த அந்தப் பெரிய பாரத்தில் கை வைக்க முடியும். ஐம்பது ஆண்டு பழைய திருகுகள் பாதி உடையும். எனவே வெளியில் இருந்து அளக்கக்கூடிய அனைத்தையும் அளந்து முடித்து, வேறு வழியே இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

உங்கள் வண்டியில் கிளட்ச் வழுக்கவில்லை. வழுக்கியிருந்தால் ஃபேபர் ஏற்றத்தில் இன்ஜின் வேகம் எகிறியிருக்கும், வண்டி எகிறியிருக்காது. உங்களுக்கு இருப்பது அதற்கு நேர்மாறானது: பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. தேய்ந்த பிளேட் வழுக்கும். விடுபடாமல் இருப்பதற்குத் தேய்மானம் காரணமாக இருப்பது அரிது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தாலே அந்தப் பணிமனை 'பிளேட்டை மாற்ற வேண்டும்' என்று தொடங்கியிருக்காது.

அடுத்து, சீரிஸ் 2ஏ கியர்பாக்ஸில், பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திக் கியரைச் சத்தமில்லாமல் விழ வைக்கும் சின்க்ரோமெஷ் மூன்றாவது நான்காவது கியர்களுக்கு மட்டும்தான். முதல், இரண்டாவது கியர்களுக்குக் கிடையாது; நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ் வந்தது சீரிஸ் 3இல்தான். ஆகவே பெடலை மிதித்தவுடனே முதல் கியரைத் தள்ளினால் நல்ல கிளட்ச் உள்ள வண்டியும் கொஞ்சம் கறகறக்கும். அதைக் கோளாறுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சரியான சோதனை இப்படி: இன்ஜின் சூடாகி, மெதுவான ஐடிலில் ஓட, நியூட்ரலில் வைத்துப் பெடலை அடிவரை மிதித்துப் பத்து வினாடி அப்படியே பிடியுங்கள். கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் அதற்குள் தானே நின்றுவிட வேண்டும். பிறகு ரிவர்ஸை மெல்லப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது, உங்கள் அவசரம்தான் குறை. அப்போதும் கறகறத்தால் ஏதோ ஒன்று ஷாஃப்ட்டை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பெடலை இரண்டு முறை மிதித்தால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலின் நடுவில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பைகாட் புஷ் இறுகிப் போயிருந்தால், நீங்கள் பெடலை இரண்டு முறை மிதித்தாலும் இருபது முறை மிதித்தாலும் அதற்கு என்ன தெரியும்? பிளேட் கோணியிருந்தாலும், இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (பிளேட் நகரும் பள்ளவரிகள்) துருப்பிடித்துப் பிளேட் நகர மறுத்தாலும் அப்படித்தான். பம்ப் செய்தால் மாறும் கோளாறு, அநேகமாக மாஸ்டர் சிலிண்டருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் இடையில்தான் இருக்கும்.

எனவே அளக்க வேண்டியவை இரண்டு. பெடலை அடிவரை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, அதே நேரத்தில் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரே மிதியில் ஒரு முறையும், பம்ப் செய்த பிறகு ஒரு முறையும் எடுங்கள். இரண்டு உருளைகளின் உடலிலும் வார்ப்பிலேயே உள்விட்ட அளவு பொறித்திருக்கலாம். அழுக்கைத் துடைத்துவிட்டு அதையும் படித்துச் சொல்லுங்கள்.

படுப்பதற்கு முன்பு ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் இருக்கும் டிரம்மைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால், கைபிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் உருளும், வண்டி நகரும். இதை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், இன்ஜின் அணைந்திருக்கட்டும்.


ஈரக்காற்று எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர் நிலைமையில் துருவை அவ்வளவு சீக்கிரம் விலக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். கூரை மட்டும் உள்ள கொட்டகையில் ஒரு வண்டி மாதக்கணக்கில் நின்றால், பிளைவீலின் பளபளப்பான முகத்தில் மெல்லிய துரு படர்ந்து பிளேட்டின் லைனிங்கோடு ஒட்டிக்கொள்வது மிக இயல்பு. ஆண்டுக்கு 45 நாள் என்ற வரம்பு, சாலை நெரிசலுக்கு நல்லதாக இருக்கலாம், கிளட்ச்சுக்கு நல்லதில்லை.

என் நண்பர் ஒருவரின் வண்டியில் பிளேட் முழுவதுமாகவே ஒட்டிக்கொண்டது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, திறந்தவெளியில், நான்காவது கியரில் போட்டு, கிளட்ச் பெடலையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைத் தட்டி விடுவித்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், நீண்ட நாள் நிறுத்தும்போது கிளட்ச் பெடலை அழுத்தி, இருக்கைப் பெட்டிக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைப்பது நல்லது. இராணுவங்கள் வண்டிகளைச் சேமிப்பில் வைக்கும்போது கடைப்பிடித்த முறை அது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பிளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை இருக்கும். ஆற்றைக் கடக்கும்போது மட்டும் அதில் ஒரு திருகடைப்பைப் போட வேண்டும். மற்ற நேரங்களில் கசியும் எண்ணெய் வடிந்து போக அது திறந்தே இருக்க வேண்டும். இராணுவத்திலிருந்து வந்த வண்டிகளில் அடைப்பைப் போட்டபடியே விட்டிருப்பார்கள். கழற்றும்போது எண்ணெய் கொட்டினால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுத்து மெலிந்திருந்தால் இன்ஜினின் பின்சீல். தடித்து, கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸில் ஊற்றும் இபி 90 எண்ணெய்.


கிராஞ்சி109 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வார இறுதியில் மகனுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தோம்.

பத்து வினாடி காத்திருந்து போட்ட ரிவர்ஸும், வண்டி சூடான நிலையில், கறகறத்தது. இன்ஜின் ஆறியிருந்தபோது அதே சோதனையில் மிக மெல்லிய உரசல் மட்டும்.

மாஸ்டர் தள்ளுகம்பி, பிஸ்டனைத் தொட்ட பிறகு, 24 மில்லிமீட்டர் நகர்கிறது. ஸ்லேவ் தள்ளுகம்பி ஒரே மிதியில் 11 மில்லிமீட்டர், இரண்டு மூன்று முறை பம்ப் செய்த பிறகு 13 மில்லிமீட்டர். மாஸ்டரின் உடலில் 3/4 என்றும் ஸ்லேவின் உடலில் 1 என்றும் பொறித்திருக்கிறது. கிளட்ச் திரவக் கலத்தில் இருக்கும் திரவம் தேநீர் நிறத்தில் இருக்கிறது.

அடித்துளையில் அடைப்பு இல்லை. சுற்றிலும் ஈரம் இருந்தாலும் சொட்டவில்லை. ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழையது. உருளைகளை மாற்றியவர்கள் அதை மாற்றவில்லை போலிருக்கிறது. மேற்பரப்பில் முடிபோல வெடிப்புகள் தெரிகின்றன.


எண்கணிதம் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த எண்களைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் மாஸ்டர் தள்ளிய திரவத்தின் கன அளவுதான் ஸ்லேவைத் தள்ளுகிறது. உருளை அகலமாக ஆக, அதே அளவு திரவம் பிஸ்டனைக் குறைந்த தூரம்தான் நகர்த்தும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முக்கால் அங்குல மாஸ்டருக்கு ஒரு அங்குல ஸ்லேவ் மாட்டினால் விகிதம் 0.75இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 0.56. உங்கள் 24 மில்லிமீட்டரை அதனால் பெருக்கினால் 13.5 வருகிறது. பம்ப் செய்த பிறகு உங்களுக்குக் கிடைத்தது 13. அதாவது காற்றுக் குமிழும் ஹோஸின் வீக்கமும் விழுங்கியதை எல்லாம் ஈடுகட்டிய பிறகும், இந்த உருளையால் கொடுக்க முடிந்த உச்சமே அவ்வளவுதான்.

ஒரு வேளை அங்கே 7/8 அங்குல ஸ்லேவ் இருந்திருந்தால்? 0.75ஐ 0.875ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.73க்குச் சற்று மேல். 24 மில்லிமீட்டர் அப்போது 17.6 ஆகும். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது கிளட்ச்சில் மிகப் பெரியது. பிளேட் பிளைவீலை விட்டு விலக வேண்டிய தூரமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான், அதற்குமுன் நெம்புகோல்களும் பேரிங்கும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்வது தனி. முந்தைய உரிமையாளர் இரண்டையும் 'புதிதாக' மாற்றினார் என்பது உண்மையாகவே இருக்கலாம். சரியானதை மாற்றினாரா என்பதுதான் கேள்வி. வெளித்தோற்றத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், போல்ட்டுத் துளைகளும் பொருந்திவிடும். உங்கள் சேசிஸ் எண்ணை வைத்து உதிரிபாகப் பட்டியலில் எந்த அளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆக, இங்கே இரண்டு இழப்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. உருளை பெரிதாக இருப்பதால் நிரந்தரமாக ஒரு பற்றாக்குறை, அதற்குமேல் 13.5 வர வேண்டிய இடத்தில் ஒரே மிதியில் 11 மட்டும் வருவதற்கு இன்னொரு காரணம். இரண்டாவதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி: ஹோஸை அதற்கென்றே இருக்கும், விளிம்பு மழுங்கிய கவ்வியால், அது உலோகக் குழாயோடு சேரும் இடத்துக்கு மிக அருகில் இறுகப் பிடித்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் தொடக்கத்திலேயே கல்போல நின்றால் மாஸ்டரும் மேல்குழாயும் நன்றாக இருக்கின்றன, குறை கவ்விக்குக் கீழே. கல்போல நிற்காமல் மெல்ல இறங்கினால் மாஸ்டரின் சீல் திரவத்தை விட்டுவிடுகிறது. வெடித்த ஹோஸைக் கவ்வினால் அது அத்தோடு கெட்டுவிடும்; எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்பதால் கவலையில்லை, ஆனால் சோதனைக்குப் பிறகு அதை வைத்து வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

தேநீர் நிறத் திரவத்தைப் பற்றி ஒரு சொல். கிளட்ச்சில் ஊற்றும் டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் அதற்கு விதித்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். கிளட்ச் குழாயில் 155 டிகிரி சூடு ஏறுவது கடினம், எனவே உங்கள் 'சூடானால் மோசம்' என்பதற்குத் திரவம் கொதிப்பதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். சூட்டில் பழைய ரப்பர் இளகி ஹோஸ் கூடுதலாக உப்புகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் உறிஞ்சிய நீர் உருளையின் உட்சுவரைத் துருவாக அரிக்கும். எனவே பழைய திரவம் ஒரு சொட்டும் மிஞ்சாமல் வெளியேறட்டும்.


பட்டறைக்காரர் எழுதியது:

கணக்கை அழகாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் காலத்தில் கையில் உதிரிபாகப் புத்தகம் இருக்கும், அதில் உள்ள எண் இல்லாத பொருளைக் கிடங்கிலிருந்து வாங்கவே முடியாது. இந்தக் கோளாறு வர வழியே இல்லை. இப்போது இணையத்தில் 'சீரிஸ் வண்டிகள் அனைத்துக்கும் பொருந்தும்' என்று விற்கிறார்கள்.

ஸ்லேவைக் கழற்றும்போது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் குறுக்கு ஷாஃப்ட்டையும் பாருங்கள். 2ஏ வண்டியில் ஸ்லேவ் நேராக ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுவதில்லை. வெளிப்புற லீவரைத் தள்ளி, அது ஒரு குறுக்கு ஷாஃப்ட்டைத் திருப்பி, ஓர் இணைப்புக் குழாயும் இரண்டு பின்களும் வழியாகத்தான் அந்தத் திருப்பம் உள்ளே போகிறது. அந்தப் பின்கள் தேய்ந்து, அவை புகும் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். லீவரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, உள்ளே இருக்கும் ஷாஃப்ட் அசையத் தொடங்குவதற்குமுன் லீவரின் நுனி எவ்வளவு வெறுமனே ஆடுகிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு மில்லிமீட்டர் வீணாகிறது என்றால், நீங்கள் ஸ்லேவில் அரும்பாடுபட்டுச் சேர்த்த நான்கில் பாதி போய்விட்டது. இதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, தரைப்பலகையை எடுத்தால் போதும்.

காற்றை வெளியேற்றும்போது ஸ்லேவில் காற்றைத் திறந்துவிடும் ப்ளீட் நிப்பிள் மேலேயும் ஹோஸ் சேரும் துளை கீழேயும் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டும் ஒரே அளவுத் திருகுத்துளையாக இருந்தால் மாற்றி மாட்டிவிடுவார்கள். பிறகு எத்தனை லிட்டர் திரவத்தை ஓட்டினாலும் மேல் மூலையில் ஒரு குமிழ் குந்திக்கொண்டே இருக்கும். பிஸ்டனை உருளைக்குள் முழுதாக உள்ளே தள்ளிக் கட்டி வைத்துக்கொண்டு காற்றை எடுத்தால் குமிழ் தங்க இடமே இருக்காது. பெடலை அடித்து அடித்து மிதிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மெல்ல மிதித்து, மெல்ல விட வேண்டும்.

ஈரக்காற்று சொன்ன கட்டை முட்டுக்கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. கம்பியாலும் லீவராலும் மட்டுமே இயங்கும் கிளட்ச்சுக்கு அது நல்ல வழி. ஹைட்ராலிக் கிளட்ச்சில் மாதக்கணக்கில் அழுத்தத்தைத் தேக்கி வைத்தால், சீலைத் தாண்டித் திரவம் மெல்லக் கசிந்து, கட்டையிருந்தும் பிளேட் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். கசிந்த திரவம் ஓட்டுநர் கால்பக்கச் சாயத்தையும் உரித்துவிடும். அதைவிட, கொட்டகையை விட்டு நகராமலே இன்ஜினை ஓடவிட்டுக் கிளட்ச்சைப் பல முறை மிதித்து விடுவதே மேல். கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து அல்ல; டிரான்ஸ்ஃபர் பாக்ஸை நியூட்ரலில் வைத்துக் கியர்பாக்ஸை மேல்கியரில் போட்டு விட்டால் வண்டி நகராது, பிளேட் மட்டும் பிடித்து விட்டுப் பிடிக்கும்.

உள்ளே குறையில்லை என்பதைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள், கைபிரேக்கை இழுங்கள், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஹை ரேஞ்சில் இருக்க, நான்காவது கியரில் போடுங்கள். மகன் பெடலை அடிவரை மிதிக்கட்டும், நீங்கள் முன்பம்பரின் துளை வழியாகக் கைச்சுழற்றியை விட்டு இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். கிளட்ச் விடுபட்டிருந்தால் நியூட்ரலில் சுற்றுவதற்கும் இதற்கும் கையில் வேறுபாடு தெரியாது. இழுத்துப் பிடித்தால் உள்ளே ஏதோ ஒட்டுகிறது. புது ஸ்லேவ் மாட்டிய பிறகு, வண்டி சூடாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.


ஈரக்காற்று எழுதியது:

கட்டை விஷயத்தில் ஐயா சொல்வதை ஏற்கிறேன். என் நண்பரின் வண்டி போர்க்கால அமெரிக்க ஜீப், அதில் கிளட்ச் முழுக்க லீவரும் கேபிளும்தான்.

கைச்சுழற்றியைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒன்று. கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபக்கம் சுற்றிப் பிடிக்காதீர்கள், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பிளக்குகளைக் கழற்றியிருக்கும்போது இன்ஜின் திருப்பி உதைக்காது, ஆனால் பழக்கம் பழக்கம்தான்.


கிராஞ்சி109 எழுதியது:

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கவ்விச் சோதனையில் பெடல் உடனே கல்போல நின்றது; மாஸ்டர் நல்லபடியாக இருக்கிறது. உதிரிபாகப் பட்டியலைப் பார்த்ததில், என் சேசிஸ் எண்ணுக்கு உரிய ஸ்லேவ் இப்போது மாட்டியிருப்பதைவிடச் சிறியதுதான். அந்த உருளையையும் புதிய ஹோஸையும் வரவழைத்து மாட்டினேன். பழைய ஸ்லேவைக் கழற்றியபோது நிப்பிள் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் உள்ளே வாயருகில் பழுப்பு நிறக் குழம்புபோல ஒன்று அப்பியிருந்தது. துணியால் துடைத்தால் அடியில் உலோகத்தில் ஊசி குத்தியதுபோன்ற பள்ளங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளிக் கட்டிக் காற்றை எடுத்தோம். இப்போது ஒரே மிதியில் 17 மில்லிமீட்டர் நகர்கிறது. பம்ப் செய்தாலும் அதே 17. சூடான நிலையில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. முதல் கியருக்கு இரண்டு மூன்று வினாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது, அது இந்தக் கியர்பாக்ஸின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறேன். கைச்சுழற்றிச் சோதனையில் நியூட்ரலுக்கும் நான்காவது கியருக்கும் கையில் வேறுபாடு தெரியவில்லை.

குறுக்கு ஷாஃப்ட்டின் பின்களில் ஆட்டம் இருக்கிறது. லீவரின் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். புதுப் பின்களையும் இணைப்புக் குழாயையும் வாங்கி வைத்திருக்கிறேன். கிளட்ச் இப்போது வேலை செய்கிறபோது அவற்றை உடனே மாற்ற வேண்டுமா, அடுத்த முறை தரைப்பலகையை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாமா?


பட்டறைக்காரர் எழுதியது:

பின்களை அடுத்த முறை மாற்றினால் போதும். ஆனால் துளையில் ஆடும் பின் ஒருநாள் முறியும், அது நடுச்சாலையில்தான் முறியும் என்பதால் அந்த 'அடுத்த முறை' இந்த ஆண்டிலேயே இருக்கட்டும்.

அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்லேவின் நகர்வு முன்பைவிடக் கூடிவிட்டது. குறைவாக நகர்ந்த காலத்தில் அதை ஈடுகட்ட யாராவது மாஸ்டரின் தள்ளுகம்பியை நீட்டி வைத்திருக்கலாம். பெடல் மேலே நிற்கும்போது அந்தக் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் திரவம் கலத்துக்குத் திரும்பும் வழி திறக்கும். இடைவெளி இல்லாவிட்டால், வண்டி சூடாகித் திரவம் விரியும்போது போக இடமின்றி ஸ்லேவைத் தள்ளும். பெடலைத் தொடாமலே ரிலீஸ் பேரிங் அழுத்தப்பட்டு, இதுவரை வழுக்காத உங்கள் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பெடலை விரலால் அழுத்தினால் கம்பி பிஸ்டனைத் தொடுவதற்குமுன் சற்று வெறுமனே போவது தெரிய வேண்டும். பெடலுக்கு மேல்நோக்கி வரம்பு கட்டும் போல்ட்டும் இருக்கும். அதை முதலில் சரிசெய்து நட்டை இறுக்கிய பிறகு கம்பியின் நீளத்தை அமையுங்கள், முறையை மாற்றினால் இரண்டு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.


கிராஞ்சி109 எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. இடைவெளி அறவே இல்லை; கம்பி நீட்டித்தான் வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போல்ட்டையும் கம்பியையும் அமைத்து, இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிறது. ஸ்லேவின் நகர்வை மறுபடி அளந்தேன்: 16க்கும் 17க்கும் இடையில். ரிவர்ஸ் இன்னமும் சத்தமில்லாமலே விழுகிறது.